கொதிநீர்க் கிணறும் அதன் ஊற்றுக்கண்ணும்

நற்பிட்டிமுனையிலும் அதனைச் சூழ்ந்த கல்முனைக் கரையோர ஊர்களிலும் கிணறு வெட்டுதல் அரிய காரியமன்று. மணலைச் சிறிது ஆழம் தோண்டினாலே நீர் சுரக்கும். ஆண்டுகள் சில சென்றபின் சுரப்புக் குறைந்தால் நம்மவர் என்ன செய்கின்றனர்? கிணற்றை இறைத்து, அடியிற் படிந்த சேற்றையும் தூரையும் அள்ளி வெளியேற்றி, ஊற்றுக்கண்ணைத் திறந்துவிடுகின்றனர். மறுநாட் காலையில் நீர்மட்டம் முன்போல் உயர்ந்து நிற்கும். நிலத்தடியில் நீர் புதிதாகத் தோன்றவில்லை. இருந்த நீருக்கு வழி கிடைத்தது, அவ்வளவே.

இதே கரையோரம் வேறொரு பாடத்தையும் கண்டதுண்டு. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து கிணறுகளிற் கடல்நீரை நிறைத்தபோது, உவர்ப்பை நீக்கும் எண்ணத்தோடு பலர் இயந்திரம் பூட்டி ஓயாது இறைத்தனர். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியில் இருந்த உவர்நீர் மேலெழுந்தது. கரையோர மணலில் நன்னீரானது உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்பதே இதற்குக் காரணம். வழியைத் திறக்க வேண்டும் என்பது முதற் பாடம். அளவறிந்து எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். இன்று நாம் ஆராயப் புகும் பொருளாகிய புவிவெப்பக் கிணறுகளின் பயனைப் பெருக்கும் முறை முழுவதும் இவ்விரண்டு பாடங்களுள் அடங்கும்.

பூமியின் உள்ளே செல்லச் செல்ல வெப்பம் மிகும் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். சாதாரணமான நிலத்தில் ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியசு வரை வெப்பநிலை உயர்கின்றது. எரிமலைகள் உள்ள நாடுகளில் இவ்வுயர்வு மிக விரைவானது. இவ்வெப்பத்தை முதன்முதலில் மின்னாக்கிக் காட்டியது இத்தாலி நாடு. அந்நாட்டின் இலாடரெல்லோ என்னும் இடத்தில், 1904ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், பியேரோ ஜினோரி கொன்ற்றி என்னும் இளவரசர் நிலத்திலிருந்து எழுந்த நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை எரித்தார். 1913இல் அங்கேயே 250 கிலோவாட் வலுவுள்ள மின்னிலையம் தொழிற்படத் தொடங்கியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கெய்சர்ஸ் எனப்படும் மலைப்பகுதியில் 1960இல் முதலாவது மின்னிலையம் எழுந்தது. அதன் வலு 11 மெகாவாட். நமது மாவட்டத்துச் சேனநாயக்க சமுத்திரத்தின் நீரால் இயங்கும் இங்கினியாகலை மின்னிலையத்தின் வலுவும் ஏறத்தாழ அதுவே. அங்கே அணையில் தேங்கிய நீர் செய்யும் வேலையைக் கெய்சர்சில் நிலத்தின் வெப்பம் செய்தது எனக் கொள்ளலாம்.

ஒரு புவிவெப்பக் கிணறு பயன்தர மூன்று பொருள்கள் ஒருங்கே அமைய வேண்டும். அவையாவன: வெப்பம், நீர், அந்நீர் பாறையினூடே ஓடுதற்குரிய வழி. இவற்றுள் வெப்பம் ஒன்றையே பலரும் பெரிதாகப் பேசுவர். ஆனால் ஆழமாகத் துளைத்தால் வெப்பம் எந்நாட்டிலும் கிடைக்கும். கிடைத்தற்கரியது வழியே.

இதனை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 120 பாகை வெப்பமுள்ள நீர் ஒரு கிணற்றிலிருந்து செக்கனுக்கு 50 லீற்றர் வீதம் வருகின்றது என வைத்துக்கொள்வோம். அந்நீரிலிருந்து வெப்பத்தைப் பெற்று 70 பாகைக்குக் குளிரவிட்டால், கிடைப்பது ஏறத்தாழ 10 மெகாவாட் வெப்பம். அதில் மின்னாக மாறுவது பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மெகாவாட். அதே கிணறு, அதே வெப்பநிலை. ஆனால் பாறை இறுக்கமானதால் நீர் செக்கனுக்கு 5 லீற்றரே வருமாயின் மின்னும் பத்தில் ஒன்றாகிவிடும். நீரை மேலேற்றும் இயந்திரம் தன் பங்கை அதிலும் எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான மீற்றர் துளைத்த செலவோ சிறிதும் குறையாது. ஆகவே, கிணற்றின் பயனைப் பெருக்குதல் என்பது பெரும்பாலும் நீரோட்டத்தைப் பெருக்குதலே ஆகும்.

இனி, ஒரு கிணற்றில் நீரோட்டம் ஏன் குறைகின்றது என்பதைப் பார்ப்போம்.

முதற் காரணம் துளையிடும்போதே உண்டாகின்றது. பாறையைத் துளைக்கும்போது வெட்டுத்தூளை மேலே கொணர்வதற்காகக் களிமண் கலந்த குழம்பைத் துளையினுள் ஓயாது செலுத்துவர். அக்களிமண் பாறையின் பிளவுகளுட் புகுந்து அடைத்துக்கொள்ளும். தேடிச் சென்ற வழியைத் தேடும் முயற்சியே மூடிவிடுகின்றது. இரண்டாவது காரணம் உப்புப் படிவு. கடினநீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் வெண்மையான படிவு ஒட்டியிருப்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். கிணற்றிலும் இதுவே நிகழ்கின்றது. ஆழத்திலே மிகுந்த அமுக்கத்தில் இருந்த வெந்நீர் மேலே வர வர அமுக்கம் குறைகின்றது. ஓரிடத்தில் நீர் கொதித்து ஆவியாகின்றது. கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வாயு வெளியேறுகின்றது. கல்சியங் காபனேற்று குழாயின் உட்சுவரிற் கல்லாகப் படிகின்றது. குழாயின் வாய் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போகும். மிகச் சூடான கிணறுகளில், நீர் குளிரும்போது சிலிக்கா படிந்து இதே தொல்லையைத் தரும்.

இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. படிவைத் துளைகருவி கொண்டு சுரண்டி எடுக்கலாம். ஐதரோக்குளோரிக் கமிலத்தை அளவோடு செலுத்திக் காபனேற்றுப் படிவைக் கரைக்கலாம். களிமண்ணும் சிலிக்காவும் அடைத்திருந்தால் அதனோடு ஐதரோபுளோரிக் கமிலத்தையும் கலப்பர். பிலிப்பைன்ஸ் நாட்டுப் புவிவெப்பக் கிணறுகளில் இம்முறை பலகாலம் கையாளப்பட்டு வருகின்றது. அமிலம் குழாயின் இரும்பையே தின்றுவிடாதபடி காக்கும் மருந்தும் உடன் சேர்க்க வேண்டும். வருமுன் காப்பதும் இயலும். ஆழத்திலே இறைக்கும் இயந்திரத்தை இறக்கி வைத்தால் நீர் அமுக்கம் குறையாமலே மேலே வரும், இடையிற் கொதிக்காது, படிவும் குறையும். இவை யாவும் நாம் தூர் எடுத்து ஊற்றுக்கண் திறப்பதன் விரிந்த வடிவங்களே.

பாறையிற் பிளவே இல்லையாயின் என் செய்வது? பிளவை உண்டாக்க வேண்டும். இம்முயற்சி 1970களில் அமெரிக்காவின் நியூமெக்சிக்கோ மாநிலத்தில் ஃபென்ரன் ஹில் என்னும் இடத்திலே தொடங்கியது. சூடான, ஆனால் நீரற்ற கருங்கற் பாறையுள் இரண்டு கிணறுகளை இறக்கி, ஒன்றில் மிகுந்த அமுக்கத்தோடு குளிர்நீரைச் செலுத்தினர். பாறையின் பழைய மூட்டுகள் சிறிது விலகி, ஒன்றின்மேல் ஒன்று நழுவின. கரடுமுரடான இரு முகங்கள் நழுவியபின் முன்போற் பொருந்துவதில்லை. இடையிலே சிறு இடைவெளி நிலைத்து நிற்கும். அதுவே நீருக்கு வழி. குளிர்நீர் பட்ட சூடான பாறை சுருங்குவதாலும் வெடிப்புகள் விரியும். பிரான்சு நாட்டின் சூல்ற்சு என்னும் ஊரில் 5,000 மீற்றர் ஆழத்தில் இம்முறை பரிசோதிக்கப்பட்டு, சிறிய மின்னிலையமும் அமைந்தது. 2023இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிணறுகளைக் கீழே சென்றபின் கிடையாக வளைத்து, அவற்றுக்கிடையே பாறையைப் பிளந்து ஒரு மாத காலம் சோதித்தனர். செக்கனுக்கு 63 லீற்றர் வரை நீர் ஓடியது; 3.5 மெகாவாட் மின்னுக்குப் போதிய வலு அதில் இருந்தது.

நிற்க. பாறையை நழுவச் செய்வது விளையாட்டன்று. நழுவுகின்ற பாறை அதிர்கின்றது. பெரும்பாலும் அவ்வதிர்வு கருவிகளுக்கு மட்டுமே தெரியும். சில வேளைகளில் மனிதருக்கும் தெரியும். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்திலே 2006ஆம் ஆண்டு திசெம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு கிணற்றுட் குளிர்நீரைச் செலுத்தினர். அம்மாதம் 8ஆம் நாள் 3.4 அளவுள்ள நிலநடுக்கம் நகர மக்களைத் திடுக்கிடச் செய்தது. வேலை நிறுத்தப்பட்டது, 2009இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போகாங் நகரத்தில் 2017ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கமோ 5.4 அளவினது. மக்கள் காயமுற்றனர், வீடுகள் சிதைந்தன. அயலிலிருந்த புவிவெப்பக் கிணற்றுட் செலுத்திய நீரே அதனைத் தூண்டியது என அந்நாட்டு அரசு அமைத்த விசாரணைக் குழு 2019இல் முடிவு கூறியது. பிளவைத் திறக்கும் கை, அப்பிளவு எதனோடு தொடுக்கப்பட்டுள்ளது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இனி இரண்டாவது பாடத்துக்கு வருவோம். முன்பு நாம் கண்ட கெய்சர்ஸ் நிலம் 1980களின் பிற்பகுதிக்குள் உலகிலேயே மிகப் பெரிய புவிவெப்ப மின்களமாக வளர்ந்தது. கிணறுமேற் கிணறாகத் துளைத்து, அமைத்த மின்னிலையங்களின் மொத்த வலுவை 2,000 மெகாவாட் அளவுக்கு உயர்த்தினர். பின்பு நீராவியின் அமுக்கம் வீழத் தொடங்கியது. புதுக் கிணறு துளைத்தால் பழைய கிணறு தளர்ந்தது. பாறையின் வெப்பம் குறைந்துவிட்டதா? இல்லை. பாறை சூடாகவே இருந்தது. ஆவியாகும் நீர் தீர்ந்துகொண்டு போனதே குறை. எடுத்த நீராவியிற் பெரும்பகுதியை வானத்தில் விட்டனர். மழை அந்த ஆழத்துக்கு விரைந்து இறங்குவதில்லை.

அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் நம் சிந்தனைக்கு உரியது. அயல் ஊர்களின் கழிவுநீரைச் சுத்திகரித்து, குழாய்வழியே மலைக்குக் கொணர்ந்து, நிலத்தினுள்ளே செலுத்தினர். முதற் குழாய் 1997இலும், சாந்தா ரோசா நகரத்திலிருந்து வரும் இரண்டாவது குழாய் 2003இலும் வேலை தொடங்கின. நீராவியின் வீழ்ச்சி தணிந்தது. வேண்டாத நீரைக் கழிக்க வழியற்றிருந்த ஊர்களுக்கும் ஆறுதல் கிடைத்தது. இலாடரெல்லோவிலும் நீரை மீளச் செலுத்தியதால் தளர்ந்த நிலம் தேறியது. இன்று புவிவெப்பக் களங்கள் பலவற்றில், எடுத்த நீரைப் பயன்கொண்டபின் வேறொரு கிணற்றின் வழியே நிலத்துக்கே திருப்புகின்றனர்.

திருப்பும் இடத்தையும் ஆராய்ந்தே தெரிய வேண்டும். மிக அருகிலே குளிர்நீரைச் செலுத்தினால், அது ஒரு பெரும் பிளவின் வழியே விரைந்து ஓடி, வெந்நீர்க் கிணற்றையே குளிர்வித்துவிடும். மிகத் தொலைவிற் செலுத்தினால் அமுக்கம் மீளாது. ஆகவே, நீரில் அடையாளப் பொருளைக் கலந்துவிட்டு, அது மற்றக் கிணற்றில் எத்தனை நாளில் எவ்வளவு வந்து சேர்கின்றது என்று அளந்தே இடத்தை உறுதி செய்வர்.

இத்துணையும் பிற நாட்டுக் கதை. நம் நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. நமது அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயாவில் ஏறத்தாழ 55 பாகை வெப்பமுள்ள வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அதே மாவட்டத்தில் பதியத்தலாவைக்கு அண்மையில் வகாவ ஊற்றுகள் உள்ளன. திருகோணமலைக்கு அருகே கன்னியாவின் ஏழு கிணறுகளை அறியாத தமிழ் மக்கள் இலர். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றுதற்காக நிலத்தைக் குத்தியதால் அவை தோன்றின என்பது ஐதிகம். தென்னிலங்கையில் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மகாபெலெஸ்ஸவிலும் வெந்நீர் ஊற்றுண்டு.

இலங்கையில் உயிருள்ள எரிமலை இல்லை. நம் பாறைகள் மிகத் தொன்மையானவை. ஆயின் இவ்வூற்றுகளுக்குச் சூடு எங்கிருந்து வந்தது? மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு பிளவின் வழியே விரைந்து மேலெழுகின்றது. நிலவியலாளர் உயர்நிலத் தொகுதி என்றும் விஜயன் தொகுதி என்றும் வகுத்த இரு பெரும் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே நம் வெந்நீர் ஊற்றுகளிற் பல அமைந்திருத்தல் கவனிக்கத்தக்கது. ஆக, இங்கே இயற்கை நமக்கு அளித்திருப்பது பெரும் வெப்பமன்று. அரியதெனக் கூறிய வழியையே. மகா ஓயாவின் சிறப்பு, ஆழத்தினின்று மேற்பரப்புவரை திறந்து கிடக்கும் அந்த ஊற்றுக்கண்ணே ஆகும்.

இதனைக் கொண்டு மின் எடுக்கலாமா? இலங்கையில் புவிவெப்ப மின்னிலையம் இன்றுவரை அமையவில்லை. அலாஸ்காவின் செனா என்னும் வெந்நீர் ஊற்றிலே 2006ஆம் ஆண்டு முதல் 74 பாகை நீரைக் கொண்டே மின் எடுக்கின்றனர் என்பது உண்மை. தாழ்ந்த வெப்பத்திற் கொதிக்கும் வேறொரு திரவத்தை வெந்நீராற் சூடாக்கி, அதன் ஆவியாற் சக்கரத்தைச் சுழற்றுவதே அங்குள்ள முறை. ஆனால் அலாஸ்காவிற் குளிர்விக்கும் நீர் பனிக்கட்டிக்கு ஒப்பானது. சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாடே இயந்திரத்தின் வலு. நமது மாவட்டத்திற் குளிர்விக்கும் நீரே 28 பாகைக்குக் குறையாது. அங்கே இயலும் காரியம் 55 பாகை நீரைக் கொண்டு இங்கே இயலாது. மின் வேண்டுமாயின் ஆழமாகத் துளைத்து இன்னும் சூடான நீரைத் தேடவேண்டும்.

மின்னைத் தவிர வேறு பயனும் உண்டு. ஐசுலாந்தின் தலைநகராகிய ரெய்க்யாவிக்கில் 1930இல் நிலத்து வெந்நீராற் சூடேற்றப்பட்ட முதற் கட்டடங்களுள் ஒரு பாடசாலையும் இருந்தது. நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆயின் மாரிமழையில் அறுவடை நனையும்போது நெல்லை உலர்த்த 50 பாகை அளவான வெங்காற்றுப் போதும். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைக்க வெந்நீர் வேண்டும். வெப்பம் நெடுந்தூரம் பயணஞ் செய்யாது. ஆதலால் இத்தொழில்கள் ஊற்றுக்கு அண்மையிலேயே அமைதல் வேண்டும். நெல் விளையும் மாவட்டத்தினுள்ளேயே ஊற்று இருப்பது நமக்கு நல்வாய்ப்பு.

இங்கேதான் நாம் மிக நிதானமாக இருக்கவேண்டியவர்களாகின்றோம். நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958இல் புவிவெப்ப மின்னிலையம் தொடங்கியது. அயற் பள்ளத்தாக்கில் விண்ணை நோக்கிப் பீறிட்ட வெந்நீர் ஊற்றுகள் அதன்பின் ஒவ்வொன்றாக அடங்கி ஓய்ந்தன. அந்நாட்டின் ரொற்றோருவா நகரத்திலோ வீட்டுக்கு வீடு துளைக் கிணறு இறக்கி வெந்நீர் எடுத்தனர். போகுத்து என்னும் புகழ்பெற்ற ஊற்று அழியும் நிலையை அடைந்தபோது, அதிலிருந்து 1.5 கிலோமீற்றர் சுற்றளவுக்கு உட்பட்ட துளைக் கிணறுகளை மூடும்படி அரசு 1986இல் ஆணையிட்டது. பின்னர் ஊற்றுகள் படிப்படியாக மீண்டன. ரொற்றோருவா மீண்டது, வைராக்கேப் பள்ளத்தாக்கு மீளவில்லை. ஒரே நாட்டில் நிகழ்ந்த இவ்விரண்டையும் நாம் அருகருகே வைத்து நோக்க வேண்டும்.

நம் ஊற்றுகளோ சிறியவை. ஒரு பிளவு, சில கிணறுகள், மெல்லிய நீரோட்டம். அதன் அருகே ஒரு பெரும் துளையை இறக்கி அமுக்கத்தைத் தளர்த்தினால், மேலே வரும் நீர் நின்றுவிடக் கூடும். கன்னியாவில் மூதாதையரை நினைந்து நீராடுவோருக்கும், மகா ஓயாவிற் பலகாலமாக அந்நீரைப் பயன்படுத்திவரும் ஊராருக்கும் அவ்விழப்பை எந்த மின்வலுவாலும் ஈடு செய்தல் இயலாது.

ஆதலால் முதலிற் செய்யவேண்டியது துளைத்தலன்று, அளத்தல். ஒவ்வோர் ஊற்றிலும் மாதந்தோறும் நீரின் வெப்பநிலையையும், ஓடும் அளவையும், அதிற் கரைந்த உப்புகளையும் அளந்து பல ஆண்டுகளுக்குக் குறித்துவைத்தல் வேண்டும். மாரியிலும் கோடையிலும் எவ்வளவு மாறுகின்றது என அறிந்தாலன்றி, பின்னர் ஏற்படும் குறைவு இயற்கையாலா நம் செயலாலா என்று கூற இயலாது. வெப்பமானியும், ஒரு வாளியும், செக்கன் காட்டும் கடிகாரமும் இருந்தாற் சிறிய ஊற்றின் வெப்பத்தையும் ஓட்டத்தையும் உயர்தர வகுப்பு மாணவரே அளக்கலாம். அடுத்து, ஊற்றுக்குத் தள்ளி ஒரு மெல்லிய சோதனைத் துளை. அதிலிருந்து நீரை எடுக்கும்போது ஊற்று எவ்வாறு நடந்துகொள்கின்றது என்னும் கவனிப்பு. எடுக்கும் நீரைத் திருப்புதற்கு இரண்டாவது துளை. ஊற்று தளரும் குறி தோன்றிய அன்றே நிறுத்துவதற்கான விதி. இவ்வொழுங்கு குலையாது நடந்தாற் பயனும் கிட்டும், ஊற்றும் பிழைக்கும்.

கிணற்றின் பயனைப் பெருக்கும் வித்தை பொறியியலாளருக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுங்கவேண்டியதில்லை. அடைப்பை நீக்கி வழியைத் திறப்பதும், எடுப்பதற்கு எல்லை வகுப்பதும் நம் வீட்டுக் கிணற்றடியில் நாம் அறிந்தவை. நிலத்தின் வெப்பத்தைக் கேட்கப் போகும் நாள் ஒன்று வருமாயின், நம்மிடம் ஊற்றுகளின் நீண்டகாலக் கணக்கு ஒன்று எழுதப்பட்டு ஆயத்தமாக இருக்கட்டும். அக்கணக்கை இவ்வாண்டே தொடங்குவதற்குப் பெருஞ்செலவு இல்லை.